பின்னாடி ஏன் ஆடுது? பழைய ஜீப், மாருதி ஜிப்சிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பின்பக்கத் தொல்லை இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதுதான் தப்பு, கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது பட்டை (வண்டியின் பாரம் தாங்கும் வளைந்த எஃகு ஸ்பிரிங் அடுக்கு), ஷாக் (அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் தாங்கும் குறுக்கு அச்சு). பெருந்துறை ரோட்டில் பட்டறை வைத்து அதிலேயே காலம் போய்விட்டது. இன்ஜினும் வயரிங்கும் எனக்கு வராது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கீழே சொல்வதில் பாதி வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டியது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுங்கள், முன்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பொள்ளாச்சி, எம்எம் 540 (மகிந்திரா ஜீப்): ஏனுங்கண்ணா, நேர் ரோட்டுலயே ஸ்டீயரிங்க கொஞ்சம் வலது பக்கம் திருப்பியே புடிக்க வேண்டியிருக்குதுங்க. விட்டா இடது பக்கம் போயிருது. பின்னாடி வர்றவங்க "வண்டி குறுக்கா போகுது"ங்கறாங்க. அலைன்மென்ட் மூணு தடவ பாத்தாச்சு.

மூன்று தடவையும் முன்பக்கம்தானே பார்த்திருப்பார்கள்? பின் ஆக்சிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பட்டைகளை ஒன்றாகச் சேர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஹவுசிங்கில் (ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) இருக்கும் மேடையில் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். ஆக்சில் முன்பின் நகராமல் இடம் காட்டுவது அந்தச் சின்னத் தலைதான். பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்தால் மொத்தப் பாரமும் அதன் மேல் வந்து, ஒருநாள் அது முறியும். அப்புறம் ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் நகர்ந்துவிடும். பட்டை உடையவில்லை, சத்தமும் வராது. அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

கணக்குப் பாருங்கள். இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு மீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 10 மி.மீ. நகர்ந்தால், 80 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு நடுவே உள்ள தூரம்) உள்ள பழைய குட்டை ஜீப்பில் பின்தடம் முன்தடத்திலிருந்து 20 மி.மீ. விலகும். உங்களுடையது அதைவிட நீளம், இன்னும் கொஞ்சம் கூடவே விலகும். விரல் அகலம்கூட இல்லாத நகர்வு இவ்வளவு செய்கிறது.

சமதளத்தில் நிறுத்தி, ஷேக்கிள் (பட்டை முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) இல்லாத முனையின் போல்ட் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை டேப் பிடித்து அளங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலது பக்கம் திருப்பிப் பிடிக்கிறீர்கள் என்பதால், வலது பக்க ஆக்சில் பின்னால் போயிருக்கும் என்பது என் ஊகம். டேப் இல்லையென்றால் மழை பெய்த மறுநாள் தோட்டத்து ஈரமண்ணில் நேராக ஓட்டி இறங்கிப் பாருங்கள். பின்டயர் தடம் முன்தடத்துக்கு வெளியே எட்டிப் பார்ப்பது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சென்டர் போல்ட் மாற்றும்போது யு போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். ஒரு தடவை இழுபட்டது மறுபடி அதே பிடி கொடுக்காது. நான்கு நட்டையும் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, 500-ல் இன்னொரு தடவை.

வால்பாறை, ஜிப்சி: ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி ஏறி எறங்கற வண்டிங்க. வளைவுல ஆக்சிலேட்டர விட்டா பின்பக்கம் ஒரு பக்கமா நகருது, அழுத்தினா மறுபக்கம் போகுது.

பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது. அழுத்தும்போது ஆக்சில் முன்னால் தள்ளும், விடும்போது பின்னால் இழுக்கும். ரப்பர் தேய்ந்த பக்கம் கூடுதலாக நகர்வதால் பின்சக்கரம் தானே ஸ்டீயரிங் பிடிக்கிறது. கடப்பாரையைப் பட்டையின் சுருட்டிய முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே விட்டு நெம்புங்கள், ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

மாற்றும்போது பலர் செய்யும் தவறு: வண்டி தூக்கியபடி இருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது. கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். சும்மா மாட்டி, வண்டியை இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டி, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள். இறக்கும் வரை ஸ்டாண்டு அடியிலேயே இருக்கட்டும்.

ஈரோடு: 60-ல போனா ஸ்டீயரிங் கையிலயே நிக்காம ஆடுதுங்க. பின் ஷாக் மாத்தட்டுங்களா?

வேண்டாம். அது முன்பக்கத்து வியாதி. கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு), வீல் பேலன்ஸ் பாருங்கள்.

திருச்செங்கோடு, பழைய ஜீப்: மஞ்சள் மூட்டை ஏத்தறதுக்குப் பின்னாடி ஒரு பட்டை சேத்துனேன். இப்ப பாரமில்லாதப்ப ஸ்டீயரிங் லேசா அலையுது, பின்பக்கம் கட்டை மாதிரி அடிக்குது.

இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை. பின்பக்கம் தூக்கியதால் வண்டி மூக்கைக் கவிழ்த்து நிற்கிறது. அதோடு முன் ஆக்சிலும் முன்னால் சாய்ந்து கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிட்டது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது கேஸ்டரால்தான். அது குறைந்தால் அலையத்தான் செய்யும்.

கட்டை மாதிரி அடிப்பதற்கு ஷேக்கிளைப் பாருங்கள். பட்டை அமுங்கும்போது நீளும், அந்த நீளத்துக்கு ஷேக்கிள் இடம் கொடுக்க வேண்டும். பின்முனையில் ஷேக்கிள் உள்ள வண்டியில் அதன் கீழ்முனை பம்பர் பக்கம் சாய்ந்திருப்பதுதான் சரி. வளைவு அதிகமான பட்டை அதை முன்னால் இழுத்து நிமிர்த்திவிட்டால் பட்டை நீள வழியில்லை. தினமும் மூட்டை ஏற்றுவதில்லை என்றால் சேர்த்ததைக் கழற்றிவிடுங்கள்.

கோபி: ஜிப்சி பட்டைக்கு வருஷா வருஷம் வேஸ்ட் ஆயில் அடிக்கறனுங்க. நல்லதுதானுங்களே?

நல்லதில்லை. ரப்பர் புஷ் ஊறி உப்பிப் போகும், புழுதி ஒட்டிச் சாணைக்கல் போல் தேய்க்கும், பிரேக் டிரம் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம்.

சங்ககிரி: அண்ணா, இத நாங்க ஒத்துக்க மாட்டோம். எங்கப்பாரு காலத்துல இருந்து லாரிப் பட்டைக்கு ஆயில் அடிக்கறோம். ஒரு பட்டை துருப்பிடிச்சதில்ல.

துருவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே. ரப்பரைப் பற்றித்தான் சொன்னேன்.

சங்ககிரி: லாரிக்கு ஆகறது ஜிப்சிக்கு மட்டும் எப்படிங்க ஆகாமப் போகும்?

நாமக்கல்: சங்ககிரிக்காரர் சொல்றது சரிதானுங்க. ஆயில் அடிச்ச மறுநாள் வண்டி பூ மாதிரி போகும்.

சரி, இதைச் சொல்லாமல் விட முடியாது போலிருக்கிறது. உங்கள் அப்பாரு ஓட்டிய லாரியில் பட்டை முனையில் இருந்தது உலோக புஷ், அதற்குள் போகும் இரும்புப் பின்னில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள். எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. பழைய வில்லிஸ் வகை ஜீப்பிலும் மரை போட்ட ஷேக்கிள், கிரீஸ் நிப்பிள்தான். அந்த வண்டிகளுக்கு நீங்கள் செய்தது சரி. ஜிப்சியில் இருப்பது ரப்பர். லாரி வைத்தியத்தை அதற்குச் செய்யக் கூடாது.

பூ மாதிரி போவதற்கும் காரணம் உண்டு. பட்டையும் பட்டையும் உரசும் உராய்வு ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்குகிறது. எண்ணெய் விட்டால் அது குறைந்து மெத்தென்று இருக்கும், அடக்கும் வேலை முழுதும் ஷாக் தலையில் விழும். ஷாக் பழையதாக இருந்தால் வளைவில் பின்பக்கம் தொட்டில் ஆடும்.

சங்ககிரி: அப்ப துருவுக்கு என்னதான் பண்றதுங்க?

கழற்றுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, பட்டைகளுக்கு நடுவே மட்டும் கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவிக் கட்டுங்கள். புஷ் பக்கம் போகவே வேண்டாம். துரு பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆயில் கதை இத்தோடு போதும். இதன் பிறகும் வந்த ஏழு ஆயில் கேள்விகளை எடுத்துவிட்டேன்.

சேந்தமங்கலம்: கொல்லிமலை 70 வளைவுல, முதல் கியர்ல அழுத்தினா பின்சக்கரம் தடதடன்னு குதிக்குதுங்க.

இழுவை அதிகமாகும்போது ஹவுசிங் சுழலப் பார்க்கிறது, பட்டை எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொள்கிறது. டயர் பிடி விட்டதும் பட்டென்று அவிழ்கிறது, மறுபடி முறுக்குகிறது. யு போல்ட் தளர்வு, சோர்ந்த பட்டை, செத்த ஷாக் மூன்றையும் பாருங்கள். உயரத்துக்காக ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். நெம்புகோல் நீள நீள முறுக்கும் கூடும். பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸையும் (ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் தண்டின் மூட்டு) ஆட்டிப் பாருங்கள், குதித்துக் குதித்து அதுவும் அடி வாங்கியிருக்கும்.

தாராபுரம்: எந்தக் கம்பெனி ஷாக் நல்லதுங்க?

கம்பெனி பேர் சொல்ல மாட்டேன்.

உடுமலை: ஷாக் நாலுல எது போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க? அமுக்கிப் பாத்தா ஒண்ணும் தெரியல.

கெட்டிப் பட்டை வண்டியை அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. பத்து கிலோமீட்டர் கரடுமுரடான மண்ரோட்டில் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். வேலை செய்தது சூடாக இருக்கும். ஜில்லென்று இருப்பது செத்தது. சூட்டைப் பார்த்துத் தொடுங்கள், கையைப் பதித்துவிடாதீர்கள்.

காங்கேயம்: வண்டி குறுக்கா ஓடுதுங்க, என்ன பண்றது?

முதல் பதில்.

பல்லடம், பழைய சஃபாரி: பின்பக்கம் பக்கவாட்டுல அசையுதுங்க. பட்டை மாத்தலாமா?

அந்த வண்டியில் பின்னால் பட்டையே கிடையாது, காயில் ஸ்பிரிங். அதில் ஆக்சிலை இடவலம் நகராமல் பிடிப்பது குறுக்கே போகும் ஒரு ராடு. இரண்டு முனை புஷ்ஷையும் பாருங்கள்.

அவிநாசி: என் ஜீப்பும் ஒரு பக்கமா இழுக்குதுங்க. பட்டை செட் புதுசா வாங்கிரலாமா?

டேப் வைத்து அளந்தீர்களா? காற்று இரண்டு பக்கமும் ஒன்றா? இரண்டுக்கும் பதில் சொல்லாமல் காசை எடுக்காதீர்கள்.

சத்தியமங்கலம்: திம்பம் ஏறும்போது மைலேஜ் கொடுக்க மாட்டேங்குதுங்க.

27 வளைவு ஏறும்போது எந்த வண்டிதான் கொடுக்கும்? இது என் துறை இல்லை.

பொள்ளாச்சி, எம்எம் 540: அண்ணா, முதல்ல கேட்டவன்தானுங்க. காத்தாலயே அளந்துட்டேன். வலது பக்கம் 12 மி.மீ. பின்னால போயிருக்குது. போல்ட் தலை தனியா கையோட வந்துருச்சு. அடியில படுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

ஊகம் சரியாகிவிட்டது, சந்தோஷம். யு போல்ட் நான்கும் புதிதாக வாங்குங்கள், இன்னொரு பக்க சென்டர் போல்ட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது சரி, ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தானே அடியில் படுத்தீர்கள்?

பொள்ளாச்சி, எம்எம் 540: மத்தியானம் கூப்புடறனுங்கண்ணா.