ஆட்டோகிராஸுக்கு எந்த டயர், எந்த ரிம்? கேள்வி பதில்

நான் தஞ்சாவூரில் டயர், அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். கோன் வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, நேரம் பார்க்கிற ஆட்டோகிராஸுக்கு டயரும் ரிம்மும் எடுப்பது பற்றி நம் டெல்டா நண்பர்கள் கேட்டவை கீழே. கேட்பதற்கு முன் உங்கள் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். தரையைத் தொடும் பக்கத்துக் கட்டைகளான பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வயதைப் பார்த்த பிறகுதான் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

கும்பகோணம், ஸ்விஃப்ட்: அண்ணே, என் வண்டியில் 185/65 R15 இருக்கிறது. 17 இன்ச் அலாய் ரிம் போட்டால் நன்றாகத் திரும்பும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சைடுவால், நடுவில் 15 இன்ச் ரிம். எல்லாம் கூட்டினால் 621.5 மி.மீ. கடைக்காரர் காட்டும் 205/45 R17-க்கும் இதே கணக்கைப் போட்டால் 616 வரும். வெளி விட்டம் கிட்டத்தட்ட அதேதான். ரப்பர் குறைந்து உலோகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எடையும் விளிம்புப் பக்கம் போய்விட்டது. ஆட்டோகிராஸில் பாதி நேரம் இரண்டாவது கியர்தான். பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். ஒவ்வொரு கோனுக்கும் அந்த எடையை என்ஜின் சுழற்ற வேண்டும், பிரேக் நிறுத்த வேண்டும்.

நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பிரேக் காலிபரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்காத மிகச் சிறிய ரிம்மை எடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல ரப்பருக்குப் போடுங்கள்.

அப்புறம், ஓட்டப்போவது எந்தத் தளத்தில் என்று நீங்கள் சொல்லவே இல்லை. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் திடல் என்றால், கீழ் வேரியன்ட் ஸ்விஃப்ட்டில் வரும் 14 இன்ச் இரும்பு ரிம்மும் 165/80 R14 டயரும் போதும். அதன் விட்டம் 619.6. உங்கள் டயரோடு 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. ரிம்மை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றி, காலிபரில் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். கல்லில் அடிபட்டால் இரும்பு ரிம் வளையும், தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் அதோடு முடிந்தது.

தார் அல்லது சிமென்ட் தளம் என்றால் 15 இன்ச்சிலேயே இருங்கள். 195/55 R15, ரிம் அகலம் 6 அல்லது 6.5 இன்ச். விட்டம் 595.5-ஆகக் குறைவதால் கியர் சுமார் 4 சதவீதம் குட்டையானது போல இழுக்கும். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது அது தெரியும். ஆனால் வண்டி 13 மி.மீ. தாழும், மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 57 அல்லது 58-தான். அதே வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போவேன் என்றால் 195/60 R15 போடுங்கள்.

மன்னார்குடி: அகலமான டயருக்குத்தானே பிடிப்பு அதிகம்? நம் வயலில் டிராக்டருக்கு எவ்வளவு அகலமான டயர் போடுகிறோம்! மண்ணுக்கு ஒல்லி டயர் என்கிறீர்களே?

நல்ல கேள்வி. உழவு டிராக்டர் மணிக்குச் சில கிலோமீட்டர் போகிறது. அதற்கு முதல் வேலை சேற்றில் புதையாமல் இருப்பது. அதனால்தான் நடவுக்கு முன் சேறடிக்க கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோம். உங்கள் காருக்கு அந்தக் கவலை இல்லை. மேலே ஒரு விரற்கடை புழுதி, அடியில் கெட்டித் தரை. ஒல்லி டயர் அந்தப் புழுதியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். அகல டயர் புழுதி மேலேயே வழுக்கிப் போகும்.

மீண்டும் மன்னார்குடி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. இழுவைக்கு அகலம் வேண்டும் என்றால் திரும்புவதற்கும் வேண்டும்தானே?

அப்படியானால் அதே டிராக்டரின் முன்பக்கம் போய் நின்று பாருங்கள். இரண்டு சக்கர இழுவை டிராக்டரில் முன் டயர் எவ்வளவு ஒல்லி! பின் டயரில் குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும் பட்டன், முன் டயரில் சுற்றுவாக்கில் வரம்பு வரம்பாக ஓடுகிறது. மண்ணில் பதிந்து வண்டியைத் திருப்ப வேண்டிய டயரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

உலக ரேலியிலும் பாருங்கள். ஒரே கார், மண் சாலைக்கு 15 இன்ச் ரிம், தார் சாலைக்கு 18 இன்ச். மண் டயர் அகலமும் குறைவு. தாருக்கு மட்டும் ஏன் 18 என்று அடுத்து கேட்பீர்கள்: அவர்கள் அங்கே பெரிய பிரேக் டிஸ்க் போடுகிறார்கள், அது உள்ளே உட்கார இடம் வேண்டும். உங்கள் ஸ்விஃப்ட்டில் அந்த டிஸ்க் இல்லை.

வேதாரண்யம்: நான் மன்னார்குடி அண்ணன் பக்கம். எங்கள் கடற்கரை மணலில் ஒல்லி டயர் போட்டால் அச்சு வரை இறங்கிவிடும்.

நீங்கள் சொல்வது சரி. ஆழமான மணலுக்கு அடியில் கெட்டித் தரை இல்லை, வெட்டிக்கொண்டு போனால் புதைகுழிதான். அங்கே அகல டயர், காற்றும் குறைவு. ஆனால் அங்கே யாரும் கோன் வைத்து நேரம் எடுப்பதில்லை. அடியில் தரை இருந்தால் ஒல்லி, இல்லாவிட்டால் அகலம். இந்த வாதத்தில் இரண்டு பேர் சொன்னதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாம் முறை மன்னார்குடி: சரி அண்ணே. சம்பா அறுத்த வயலில்?

முதலில் அங்கே உளுந்தும் பயறும் தெளித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெளித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தரிசாகக் கிடந்து, உரியவர் சம்மதித்தால், அந்தக் களிமண் காய்ந்தபின் பாளம் பாளமாக வெடித்துக் கெட்டியாகத்தான் இருக்கும், ஒல்லி டயரே போதும். ஆபத்து பனியில் இருக்கிறது. தை மாதக் காலையில் மேல் மண் லேசாக நனைந்திருந்தால் களி பட்டன் இடுக்கெல்லாம் அப்பி, நான்கு டயரும் மொட்டை டயராகிவிடும். இடைவெளி பெரிதாக உள்ள பட்டன் இருந்தால் சுழலும்போது களியை உதறும். அது இல்லையென்றால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். வெடிப்பில் சக்கரம் இறங்கினால் ரிம் போய்விடும், அதனால் தடம் முழுக்க நடந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

திருவாரூர், மாருதி 800: 13 இன்ச் அலாய் மலிவாகக் கிடைக்கிறது. 4 ஓட்டைதான், பொருந்துமா?

ஓட்டை நான்கு என்பது போதாது. போல்ட் ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி, 800-க்கு அது 114.3 மி.மீ. சந்தையில் கிடைக்கும் நான்கு ஓட்டை அலாய்களில் நிறைய 100. "ஓட்டையைக் கொஞ்சம் நீட்டித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கவாட்டு பாரம் முழுவதும் அந்த நான்கு போல்ட்டில்தான் நிற்கிறது.

பொருந்தினாலும் எடுக்க வேண்டாம். 145/70 R12-இன் விட்டம் 508. 155/65 R13 போட்டால் 532, கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதல். 796 சி.சி. என்ஜினுக்கு அது சுமை. 12-லேயே இருங்கள், டயரை மட்டும் புதிதாக எடுங்கள். எடை குறைந்த வண்டி அது, நல்ல ரப்பர் கிடைத்தால் பெரிய கார்களை நெருக்கும்.

பட்டுக்கோட்டை, போலோ: காற்று எவ்வளவு வைப்பது?

இதைக் கேட்டதற்கு நன்றி. காசு செலவில்லாமல் நேரம் குறையும் வழி இதுதான். தார் தளத்துக்கு, கம்பெனி சொன்ன அளவைவிட முன் டயர்களில் 4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூட்டித் தொடங்குங்கள். பட்டன் முடிந்து சைடுவால் தொடங்கும் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அதன் மேல் குறுக்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து பாருங்கள். சாக்பீஸ் முக்கோணத்தைத் தாண்டியும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். முக்கோணம் வரையே அழியவில்லை என்றால் 2 குறையுங்கள். ஓட ஓடச் சூட்டில் காற்று ஏறும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். வளைவில் மூக்கு வெளியே ஓடினால் பின் டயரில் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், வால் எளிதாகத் திரும்பும். அதையும் 2, 2-ஆகத்தான் செய்ய வேண்டும். அளவு மீறினால் வண்டி சுழன்றுவிடும்.

மண்ணில் இவ்வளவு கூட்ட வேண்டாம். ரொம்பக் குறைத்தாலும் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும்.

மயிலாடுதுறை: முன்னால் மட்டும் அகல டயர் போடலாமா?

அகலம் மாறினாலும் நான்கின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் குழம்பும். புதிதாக ஓட்டுபவர் நான்கையும் ஒரே மாதிரி போடுவதே நல்லது.

நாகப்பட்டினம், ஐ20: 17 இன்ச் போடலாமா?

கும்பகோணத்துத் தம்பிக்குச் சொன்னதேதான்.

பாபநாசம், ஸ்விஃப்ட்: 17 இன்ச்சோடு ஸ்பேசரும் வைத்தால்?

17 பற்றி இனிமேல் பதில் இல்லை, மேலே இருக்கிறது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடான ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். சக்கரம் வெளியே தள்ளினால் பேரிங்குக்குச் சுமை, ஸ்டியரிங் கையில் உதைக்கும், நட்டு பிடிக்கும் மறையும் குறையும். அகலம் வேண்டுமென்றால் சரியான ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) உள்ள ரிம்மை எடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: தேய்ந்த டயரில் புதுப் பட்டை ஒட்டிய ரீட்ரெடிங் டயரில் ஓட்டலாமா ஐயா? விலை பாதிதான்.

கூடாது. பக்கவாட்டு விசையில் ஒட்டிய பட்டை உரிந்து வரும். பணம் குறைவென்றால் வாரக்குறி புதிதாக உள்ள சாதாரண டயர் போதும்.

ஒரத்தநாடு: என்ஜின் ரீமேப் செய்தால் எவ்வளவு நேரம் குறையும்?

என்ஜின் என் வேலை இல்லை, அதற்கான மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

திருவையாறு: ஆற்றங்கரை ரோட்டில் விடியற்காலையில் யாரும் இருக்க மாட்டார்கள். பழகிக்கொள்ளலாமா?

பால்காரரும் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவரும் இருப்பார்கள். பொது ரோட்டில் பழகுகிறவருக்கு நான் டயர் மாற்றித் தர மாட்டேன். மூடிய திடலுக்கு வாருங்கள். ரிம் மாட்டியதும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டை இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ரிம் ஆறியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், புது ரிம்மில் நட்டு தளர்வதுண்டு.