டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லை எந்த நேரத்தில் பூசுவது?

கேள்வி: நான் ஒரு திருநம்பி. வைத்தியரின் மேற்பார்வையில் சில மாதங்களாக நாளாந்தம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஜெல்லைப் பூசி வருகிறேன். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதால், பூசிக் காயவிட நேரம் கிடைப்பதில்லை. சில நாட்களில் தவறியும் விடுகிறது. இரவில் பூசினால் பலன் குறையுமா? தவறிய நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகப் பூசலாமா? அக்காவின் மூன்று வயது மகள் என்னருகில்தான் உறங்குவாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சுன்னாகம்

பதில்: கடைசி வரியில் நீங்கள் சொன்ன செய்தியே இங்கு முதன்மையானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பூசிய ஜெல்லில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலுக்குள் செல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தோலின் மேலேயே தங்கிவிடுவதால், அந்த இடத்தில் ஒட்டிப் படுக்கும் குழந்தையின் உடலுக்கும் மருந்து போய்ச் சேரக்கூடும். இவ்வாறு மருந்து பட்ட சிறுவர்களிடம் உரிய வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் தோன்றியதாக முறைப்பாடுகள் வந்ததையடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 இல் இந்த ஜெல்களின் உறையில் கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. எனவே இரவில் பூசுவதானால் மருமகளுக்கு வேறு பாய் போட்டு, அக்காவோடு படுக்க வைப்பதே சரி. அதற்கு வழியில்லையென்றால் இரவு வேண்டாம்.

அந்த ஒரு தடையைத் தவிர, இரவில் பூசுவதில் குறையில்லை. மருந்துடன் வரும் துண்டுப்பத்திரங்களில் பெரும்பாலும் காலையில் பூசும்படிதான் இருக்கும். இயல்பாகவே ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடியும் மாலையில் குறைந்தும் இருப்பதே அதற்கு அடிப்படை. உங்கள் சிகிச்சையில் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. தோல் மருந்தைத் தேக்கி வைத்து நாள் முழுவதும் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுவதால், கடிகாரம் காட்டும் மணியைவிட, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பூசுவதே முக்கியமாகும். காலையில் அவசரப்பட்டுப் பூசி, காயுமுன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவதைவிட, மாலைக் குளியலுக்குப் பின் நிதானமாகப் பூசுவது மேலானது என்றே நான் கருதுகிறேன்.

பூசும்போது தோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தோள்களிலும் மேற்கைகளிலும் தடவி, ஐந்து நிமிடமாவது காயவிட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பூசிய இடத்தை மூடும் சட்டையை அணிந்துகொள்ளுங்கள். ஜெல்லில் அற்ககோல் உண்டு. அது காயும்வரை சாமி விளக்கு, நுளம்புச் சுருள், அடுப்பு ஆகியவற்றின் அருகே செல்லாதீர்கள். பூசியபின் குளிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நேரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும்: 1.62 சதவீத ஜெல்லுக்கு 2 மணித்தியாலம், 1 சதவீத ஜெல் சிலவற்றுக்கு 5 மணித்தியாலம். இரவில் பூசி விடியற்காலையில் குளிக்கும் உங்களுக்கு இந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். நல்லூர்த் திருவிழா நாட்களில் மேற்சட்டையைக் கழற்றிக் கோயிலுக்குள் செல்பவர்களுக்கும், காலைக் குளியலில் மிச்சம் கழுவப்பட்டுவிடுவதால், இரவு முறையே வசதியானது.

தவறிய நாளுக்காக ஒருபோதும் இரட்டிப்பாகப் பூச வேண்டாம். சில மணித்தியாலம் பிந்தி நினைவு வந்தால் அப்போதே பூசலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். அளவைக் கூட்டினால் குரலும் தாடியும் விரைந்து வருமென்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அந்த மாற்றங்கள் மாதக் கணக்கில், சிலவேளை ஆண்டுக் கணக்கில், தமக்குரிய வேகத்தில்தான் வரும். மிகையான மருந்தோ செங்குருதிக் கலங்களைப் பெருகச் செய்து இரத்தத்தைத் தடிப்பாக்கும். மாதவிடாய் நின்றுவிட்டாலும் இந்த ஜெல் கருத்தடையாகாது என்பதையும், தேவைப்படும் வாசகர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

நேரத்தை மாற்றும் முன் உங்கள் வைத்தியரிடம் தெரிவியுங்கள், ஏனெனில் இரத்தப் பரிசோதனையின் பெறுபேற்றை அவர் நீங்கள் பூசும் நேரத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். புதிய நேரத்தில் ஒரு வாரமாவது தவறாமல் பூசிய பின்னரே பரிசோதனை செய்ய வேண்டும். பூசி 2 மணித்தியாலம் கழியுமுன் இரத்தம் கொடுக்கக் கூடாது. முதல்நாள் இரவு பூசிய மணியை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியோடு கொண்டு செல்லுங்கள். எந்தக் கையில் இரத்தம் எடுப்பார்களோ அந்தக் கையில் அன்றிரவு ஜெல் பூசாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் மருந்து ஊசியோடு கலந்தால், பெறுபேறு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி, உங்களுக்குத் தேவையான அளவு குறைக்கப்படவும் இடமுண்டு.