மூளையில் கட்டி, காலில் வீக்கம், சிறுநீரில் ரத்தம்: புழுக்களைப் பற்றிய கேள்வி பதில்

உடலுக்குள் வாழும் புழுக்கள் நம் உறுப்புகளை என்ன செய்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நான் ஒட்டுண்ணியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள்; வைத்தியம் பார்க்கும் மருத்துவர் இல்லை. அதனால் "எனக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள்" என்ற கேள்விகளை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கௌசல்யா, ஈரோடு: மேடம், என் தம்பிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். பன்றிக்கறியால்தானே இது வரும்?

அப்படித்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், கௌசல்யா. அந்த நினைப்பால் நோயாளியின் குடும்பத்தில் தேவையில்லாத சந்தேகமும் சண்டையும் வருவதைப் பார்த்திருக்கிறேன். தம்பி ரகசியமாகக் கறி சாப்பிட்டானா என்று யாரும் விசாரிக்க வேண்டாம்.

சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. அந்த ஆளுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த முட்டை யாருடைய வாய்க்குள் போகிறதோ அவருக்குத்தான் மூளையில் கட்டி வரும். நாடாப்புழு உள்ள ஒருவர் கை கழுவாமல் அரைத்த சட்னியே போதும். நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடவே தொடாத ஆசாரமான யூதக் குடும்பங்களில் இதே நோய் வந்தது. வீட்டு வேலைக்கு வந்திருந்த, நாடாப்புழு பரவலாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்களிடமிருந்து முட்டை வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள்.

இந்த நோயைச் சரியாக அடையாளம் காண்பதில் நம் பக்கத்து ஊர்க்காரர்களின் பங்கு பெரியது. 1980களில் வலிப்போடு வருபவரின் ஸ்கேனில் ஒற்றைச் சிறு கட்டி தெரிந்தால், அதைக் காசநோய்க் கட்டி என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது இந்தியாவில் வழக்கமாக இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கிய கட்டிகள். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்புறம், 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கக் கூடாது, கை கால் பலவீனம் இருக்கக் கூடாது என்று, அறுக்காமலே இந்தக் கட்டியைக் கண்டறியும் அடையாளங்களை வகுத்தார்கள். எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையும் காசநோய் மருந்தும் இதனால் தவிர்ந்தன. இப்படிப்பட்ட ஒற்றைக் கட்டிகளில் பல, சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடும். தம்பியின் வலிப்பு மாத்திரையை மட்டும் யாரும் சொந்த யோசனையில் நிறுத்திவிடாதீர்கள்.

கௌசல்யாவே இன்னொன்றும் கேட்கிறார்: புழுவைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டும் ஏன்? அதற்கு முன் கண்ணையும் சோதிக்கச் சொன்னார்களே?

உயிரோடு இருக்கும் கட்டி ரொம்ப அமைதியானது. ஒரு சின்ன நீர்ப்பை, உள்ளே புள்ளி போலப் புழுவின் தலை. அது நம் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் பொருட்களைச் சுரந்துகொண்டு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். இந்தியாவில் பணியாற்றிவிட்டுப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலருக்கு, ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்துத்தான் முதல் வலிப்பு வந்தது. புழு வயதாகியோ மருந்தாலோ சாகும்போது அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. நம் வெள்ளை அணுக்கள் மொத்தமாக வந்து சூழ்கின்றன, சுற்றியுள்ள மூளை வீங்குகிறது, வலிப்பு வருகிறது. ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தால் இந்த வீக்கம் கூடும்; அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு. கண்ணுக்குள் ஒரு கட்டி இருந்து, அது மருந்தால் செத்து வீங்கினால் பார்வையே போகலாம். உங்கள் மருத்துவர் முறையாகத்தான் செய்கிறார்.

புழு நோய்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. உறுப்பைக் கெடுப்பது பல நேரங்களில் புழுவின் வாய் அல்ல; செத்த புழுவின் மீதோ அதன் முட்டையின் மீதோ நம் உடலே தொடுக்கும் தாக்குதல். கீழே வரும் கேள்விகளிலும் இதைப் பார்ப்பீர்கள்.

ராமலிங்கம், கும்பகோணம்: என் அம்மாவுக்கு இருபது வருஷமாக யானைக்கால். வீடு வீடாக வந்து கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட்டால் வீக்கம் வடியுமா?

வடியாது, ஐயா. இதை யாரும் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லாதது எனக்கு வருத்தம். டி.இ.சி., ஆல்பெண்டசோல் மாத்திரைகள் ரத்தத்தில் திரியும் குட்டிப் புழுக்களை ஒழித்து, கொசு மூலம் அடுத்தவருக்குப் பரவாமல் தடுப்பதற்கு. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. இலங்கை யானைக்காலை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள் வாழ்கின்றன. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் குழுவினர் 1990களில் ஆண்களின் விரைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, குழாய்க்குள் புழுக்கள் ஓயாமல் நெளிவதை நேரிலேயே கண்டார்கள். யானைக்கால் புழுவுக்கு ஃபைலேரியா என்று பெயர்; அதனால் அந்த நெளிவுக்குப் பெயரே "ஃபைலேரியா நடனம்" என்றாகிவிட்டது. உயிருள்ள புழு இருக்கும் குழாய் விரிந்து தளர்ந்துபோகிறது. செத்தால் அங்கே அழற்சி. ஆனால் கால் வருஷா வருஷம் பெருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் புழுவே இல்லை. நிணநீர் ஓடாத காலில், விரலிடுக்கின் சின்ன வெடிப்பு வழியாக பாக்டீரியா நுழைகிறது. குளிர் காய்ச்சலும் சிவந்த வீக்கமும் வந்து போகும் ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது.

அதனால் அம்மாவுக்கு வைத்தியம் சோப்பும் தண்ணீரும்தான். தினமும் கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். வெடிப்பு இருந்தால் களிம்பு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தல், நல்ல செருப்பு. இதைச் செய்தால் காய்ச்சல் வருவது குறைவதை உங்களாலேயே பார்க்க முடியும்.

ஜெயந்தி, சென்னை: ராத்திரி மட்டும் இருமல், இழுப்பு. ஆஸ்துமா மருந்து கேட்கவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் 4,000க்கு மேல். புழுவாக இருக்குமா?

இருக்கலாம். ஈசினோஃபில் என்பது ஒவ்வாமையிலும் புழு நோயிலும் கூடும் ஒரு வகை வெள்ளை அணு. யானைக்கால் புழுவின் குட்டிகள் சிலருக்கு நுரையீரலில் சிக்கி அழிக்கப்படும்போது அங்கே கடும் ஒவ்வாமை உண்டாகும். இவர்கள் ரத்தத்தில் குட்டிப் புழுவே தென்படாது, காலும் வீங்காது. நுரையீரல் மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள். பொதுவாக மூன்று வாரம் டி.இ.சி. கொடுப்பார்கள், பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கவனிக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பாகிவிடும்.

செவிலியர் ஒருவர், கூடலூர்: தேயிலைத் தோட்டப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்றே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. கொக்கிப்புழுவா?

சிஸ்டர், அவசியம் மலப் பரிசோதனை செய்யுங்கள். நான் மேலே சொன்னதற்கு விதிவிலக்கு இந்தப் புழு. இது நேரடியாக ரத்தம் குடிக்கிறது. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் வகைப் புழு ஒன்றினால் நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் போகும். ஆன்கைலோஸ்டோமா வகை என்றால் 0.2 மில்லி வரை. 100 புழு இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடித்தது போக, கடித்த இடத்தில் ரத்தம் உறையாமலும் செய்துவிடுகிறது. மாதவிடாயும் பிரசவங்களும் சேர்ந்தால் பெண்ணின் உடம்பு எங்கே தாங்கும்? ரத்தசோகை முற்றினால் இதயமே தளர்ந்துபோகும்.

மாதிரி அனுப்பும்போது ஒரு விஷயம். நாங்கள் மலத்தைச் சல்லடையில் தேய்த்து, சின்னத் துளையுள்ள அச்சில் 41.7 மில்லிகிராம் அளந்து கண்ணாடித் தகட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோஃபேன் துண்டால் மூடி அழுத்துவோம். கிளிசரின் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் தெளியவைக்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மிக மெல்லியது என்பதால் அதுவும் தெளிந்து கண்ணுக்கு மறைந்துபோகும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் "புழு இல்லை" என்றே அறிக்கை வரும். எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. 4,000ஐத் தாண்டினால் கடுமையான தொற்று. மாதிரியும் பழையதாக இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆய்வகம் வந்து சேர வேண்டும்.

லார்வா மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் ஏறுகிறது. இலங்கைத் தோட்டங்களில் நம் மக்களின் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கி நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒதுங்கக் கழிப்பறை இல்லை என்றால், மாத்திரை கொடுத்த சில மாதங்களில் புழு திரும்ப ஏறிவிடும். மாத்திரையோடு கழிப்பறையையும் கேளுங்கள் சிஸ்டர்.

பானு, திருச்சி: தூக்கத்தில் குழந்தை பல்லை நறநறவென்று கடிக்கிறான். பூச்சிதானே?

பல் கடிப்பதை வைத்துப் பூச்சி என்று சொல்ல முடியாது. ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறதா என்று பாருங்கள். அரித்தால், காலையில் எழுந்ததும் கழுவுவதற்கு முன் செலோ டேப்பை அங்கே ஒட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். கீரிப்பூச்சி என்று உறுதியானால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

ஆனந்த், மலாவியில் வேலை: ஏரியில் அடிக்கடி குளிப்பேன். சில மாதம் கழித்து சிறுநீரின் கடைசியில் ரத்தம்.

தள்ளிப்போடாதீர்கள் தம்பி. மலாவி ஏரியில் உள்ள நத்தைகளிலிருந்து வெளிவரும் லார்வா (புழுவின் இளம்பருவம்) தோல் வழியாக நுழைந்து உண்டாக்கும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோயாக இது இருக்கலாம். ஜெர்மன் மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் 1851இல் கெய்ரோவில் கண்டுபிடித்த புழு. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் வாழும். புழுக்களை உடல் கண்டுகொள்வதில்லை, பிரச்சினை முட்டைகளால்தான். ஒரு முனையில் முள்ளோடு இருக்கும் முட்டைகள் சிறுநீர்ப்பையின் சுவரில் சிக்கி, சுற்றிலும் அழற்சி உண்டாகி, தழும்பாகி, வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோயாகவும் மாறலாம். முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் எடுத்த சிறுநீரில் முட்டை அதிகம் தெரியும். பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை நன்றாகக் கேட்கும்.

ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எகிப்தில் 1980கள் வரை இந்த நோய்க்கு ஊசிதான் போட்டார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவி, ஒரு தலைமுறையின் ஈரலே பாழானது. நல்ல எண்ணத்தோடு நடத்திய திட்டம் அது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

விக்னேஷ், கோவை: புழுவை வேண்டுமென்றே உடலில் விட்டு அலர்ஜி, குடல் அழற்சியைக் குணப்படுத்தலாம் என்று படித்தேன். உண்மையா?

யோசனை முட்டாள்தனமானது இல்லை. புழு நம் எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்று பார்த்தோமே, அதைப் பயன்படுத்தும் முயற்சிதான். அர்ஜென்டினாவில், நரம்புறை கெடும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகளில் இயல்பாகப் புழு தொற்றியவர்களுக்கு நோய் மெதுவாகவே முன்னேறியதாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் கொடுத்துப் பார்த்த க்ரோன் நோய் (ஒரு வகைக் குடல் அழற்சி) பற்றிய பெரிய பரிசோதனைகள் பலன் தரவில்லை. புழு சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்க முடியுமா என்றுதான் இப்போது ஆராய்கிறார்கள். இணையத்தில் விற்கும் முட்டையை வாங்காதீர்கள்.

சுமதி, மதுரை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லோரும் பூச்சி மாத்திரை போடலாமா?

பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் ஆல்பெண்டசோலைத் தவறாமல் கொடுங்கள். பாதுகாப்பான மருந்து. பெரியவர்கள், முக்கியமாக முதல் மூன்று மாத கர்ப்பிணிகள், மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். வீட்டில் யாருக்காவது வலிப்போ காரணம் தெரியாத தலைவலியோ இருந்தால் இன்னும் கவனம். ஆல்பெண்டசோலும் பிராசிகுவாண்டலும் மூளை வரை போகும். அங்கே அமைதியாகக் கிடந்த கட்டியைக் கிளப்பிவிட்டு வலிப்பு வந்த சம்பவங்கள் உண்டு. குடலில் நாடாப்புழு மட்டும்தான் என்று தெரிந்தால் நிக்லோசமைடு தருவார்கள். அது ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை, குடலோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும்.