மண்டபத்துப் பின்கதவால் உள்ளே போங்கள்

தம்பி, யாழ்ப்பாணத்து இளவாலையிலிருந்து லண்டனுக்கு வந்த பிறகு கிறிஸ்தவக் கோவில் அந்நியமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்துக் கோவிலில் ஞாயிறு காலையில் சில முதியவர்கள் மட்டும் வருகிறார்கள், பூசை முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள், தமிழ்ப் பூசையோ மாதத்தில் ஒருமுறைதான். இப்படியான கோவிலால் இந்த இடத்து மக்களுக்கு என்ன பயன், அதில் நாங்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா என்பது உங்கள் கேள்வி.

நிறைய உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை வைத்து இங்குள்ள கோவில்களை மதிப்பிடாதீர்கள். செவ்வாயோ வியாழனோ பகல் நேரத்தில் கோவில் மண்டபத்துப் பின்கதவால் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் கைக்குழந்தைகளோடு தாய்மார், இன்னொரு மூலையில் ஆங்கில வகுப்பு, சமையலறையில் தனித்து வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு. அங்கிலிக்கன் சபையான இங்கிலாந்துத் திருச்சபை நாடு முழுவதையும் பங்குகளாக, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள பகுதிகளாக, பிரித்திருக்கிறது. எந்த வீடும் ஏதோ ஒரு பங்குக்குள் வந்துவிடும். கோவில் வாசலையே மிதிக்காதவரும், உங்கள் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பமும், எதிர்வீட்டுச் சோமாலியரும் அந்தப் பங்குக் குருவின் பொறுப்பில் இருப்பவர்கள்தாம். நாங்கள் கத்தோலிக்கர், அது அவர்களுடைய சபை என்று ஒதுங்கத் தேவையில்லை. இந்த வேலைகளைப் பல இடங்களில் எல்லாச் சபைகளும் சேர்ந்தே செய்கின்றன. குளிர்காலத்தில் வீடற்றவர்களைத் தங்கவைக்க, ஏழு கோவில்கள் கிழமையில் ஆளுக்கொரு இரவைப் பொறுப்பெடுக்கும் ஏற்பாடும் அப்படித்தான் வந்தது.

முதலில் உணவு வங்கிக்குப் போங்கள் என்பேன். ட்ரசல் என்ற தொண்டு அமைப்பின் முதல் உணவு வங்கி 2000ஆம் ஆண்டு சாலிஸ்பரியில் தொடங்கியது. இன்று நாடெங்கும் இருக்கும் அதன் கிளைகளில் பெரும்பாலானவை கோவில்களைச் சார்ந்தே இயங்குகின்றன. மருத்துவரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை நிலையமோ கொடுக்கும் சீட்டோடு வருபவருக்குக் குறைந்தது மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும். வந்து சேரும் டின்களை நிறுத்து, காலாவதித் திகதியைத் தடித்த பேனாவால் மேலே எழுதி, ஆண்டுவாரியாக அடுக்கவேண்டும். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. ஆங்கிலம் பேசத் தயங்குபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அங்கேதான் கேத்தல் பொதி என்று ஒன்றைக் கண்டேன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹோட்டல் அறையில் மாதக்கணக்காகக் காத்திருப்பவர்களிடம் அடுப்பு இருக்காது, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் மட்டுமே இருக்கும். அவர்களிடம் அரிசி மூட்டையைக் கொடுத்து என்ன பயன்? கொதிநீர் ஊற்றினால் போதும் என்ற சூப், நூடில்ஸ், ஓட்ஸ், இழுத்துத் திறக்கும் வளையம் உள்ள டின் மீன் என்று தனியாகக் கட்டிவைக்கிறார்கள். வளையம் இல்லாத டின்னை அந்தப் பொதியில் வைக்கமாட்டார்கள், ஏனென்றால் அந்த அறையில் டின் வெட்டியும் இராது. வாங்குபவரிடம் யாரோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு டின்னிலேயே தெரிகிறது. கோவில் செய்யும் சேவையில் நான் மதிப்பது இதைத்தான்: தன்னிடம் மிஞ்சியதைக் கொடுக்க முன், எதிரே நிற்பவரிடம் என்ன இல்லை என்று கேட்பது.

எங்கள் தமிழ்ச் சபைகளில் எனக்குள்ள வருத்தமும் இதனோடு சேர்ந்ததுதான். கோவிலை இரண்டு மணிநேரம் வாடகைக்கு எடுக்கிறோம். பூசை, பிறகு ரோல்ஸும் தேநீரும், கதவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஊரில் பங்குத் திருவிழாவுக்கும் கோபுரத்துக்கும் தாராளமாகக் காசு அனுப்புகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோவிலின் வாசலுக்கு எதிரே உள்ள மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் கிழவியை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. போர் நெருங்கிய 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கோவில்களும் பள்ளிக்கூடங்களும் நிரம்பி வழிந்தன. சைவக்காரரா வேதக்காரரா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் வெகுகாலம் முந்தி, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அந்நிய ஊருக்கு வந்தவர், அந்த ஊரவரின் மொழியைப் படித்துக்கொண்டு அவர்களுக்கு வேண்டியதைச் செய்தார். இப்போது வந்தவர்கள் நாங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். பூசை முடிந்ததும் குருவானவரிடம், “கிழமை நாளில் எனக்கு ஒரு பின்னேரம் நேரம் இருக்கிறது, எங்கே ஆள் தேவை?” என்று நேராகக் கேளுங்கள். திட்டம் ஒன்றும் எழுதிக்கொண்டு போகவேண்டாம். பிள்ளைகளோடும் தளர்ந்த முதியவர்களோடும் நேரடியாகப் பழகும் வேலை என்றால் பொலிஸில் குற்றப் பதிவு உண்டா என்ற சோதனை கேட்பார்கள். அவமதிப்பாக எடுக்காதீர்கள், எல்லோருக்கும் அதே முறைதான், தொண்டர்களிடம் அதற்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. வருபவருக்குப் பொதி கொடுக்கும்போது செபத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். பசியோடு நிற்பவரால் மாட்டேன் என்று சொல்லமுடியாது.

உங்களோடு தங்கியிருக்கும் நண்பருக்கு அகதி விண்ணப்பம் முடியவில்லை என்றீர்கள். பதிவுபெற்ற தொண்டு அமைப்பில் ஊதியமின்றித் தொண்டு செய்ய அவருக்கு அனுமதி உண்டு. பஸ் காசு போன்ற உண்மையான செலவை மட்டும் வாங்கலாம், அதற்குமேல் ஒரு பவுணும் வேண்டாம். அறைக்குள் காத்திருந்தே மனம் தளர்ந்துபோகிற பிள்ளை அவர். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.