காரைக்குடிப் பக்கம் துருவ நட்சத்திரம் தெரியுமா? எங்கே தேடுவது?

நன்றாகவே தெரியும். கானாடுகாத்தானில் எங்கள் ஊருணிக் கரையில் நின்று சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். பலர் உச்சி வானத்தில் மினுமினுக்கும் ஏதோ ஒன்றைத் தேடிவிட்டு, காணோம் என்று போய்விடுகிறார்கள். அது உச்சியிலும் இல்லை, பெரிய வெளிச்சமும் இல்லை. பிரகாசத்தில் ஐம்பதாவது இடத்துக்குப் பக்கத்தில்தான் வரும்.

ஊருணியின் தென்கரைக்குப் போங்கள். அப்போதுதான் தண்ணீருக்கு மேலே வடக்கு மறைப்பில்லாமல் கிடைக்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கி, அடிப்பக்கம் அடிவானத்தில் படும்படி வையுங்கள். முஷ்டியின் மேல்விளிம்பை ஒட்டி, துணைக்கு யாரும் இல்லாமல் ஒன்று நிற்கும். அதுதான். நீட்டிய முஷ்டி சுமார் 10 பாகை. காரைக்குடியின் அட்சரேகையும் 10 பாகைதான். நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில்தான் துருவம் நிற்கும்.

சித்திரை, வைகாசியில் இரவு 9 மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடக்கே உயரத்தில் இருக்கும். அதில் நான்கு நட்சத்திரங்கள் கிண்ணம் போலவும் மூன்று அதன் கைப்பிடி போலவும் இருக்கும். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் கிண்ணத்து ஓரத்தில் உள்ள இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்கு, அதே கோட்டில் கீழே இறங்கினால் துருவம். கார்த்திகையில் அந்த ஏழு பேரும் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவார்கள். அப்போது காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டம் ஆங்கில 'எம்' எழுத்துப்போல துருவத்துக்கு மேலே நிற்கும். கல்யாணத்தில் காட்டும் அருந்ததி வேறு, சப்தரிஷியில் வசிஷ்டர் பக்கத்தில் இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அசையாதா என்றால், பூமியின் அச்சு ஏறக்குறைய அதை நோக்கி நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் முழு நிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விலகிச் சின்ன வட்டம் போடுகிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. எதிர்க்கரைப் பனையின் வலப்பக்க மட்டையோடு சேர்த்து 8 மணிக்கு அடையாளம் வைத்தேன்; 11 மணிக்கும் அதே மட்டையோரம். காசியோப்பியா மட்டும் மேற்கே சாய்ந்திருந்தது.

எங்கள் ஐயா ரங்கூனில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, இருந்தவர். "அங்கே இது இன்னும் உசரத்துல நிக்கும்ப்பா" என்பார். ஏதோ ஊர்ப்பெருமை என்று நினைத்திருந்தேன். அட்சரேகை படித்தபிறகுதான் புரிந்தது: ரங்கூன் சுமார் 17 பாகை, ஒன்றே முக்கால் முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. பினாங்குக்குப் போனவர்களுக்கு அரை முஷ்டிதான். சிங்கப்பூரில் அடிவானத்தோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணில் படுவதே அரிது.