ஸ்டிக்கர் விஷயம்: போனைப் பிடுங்காதீர்கள்

அக்கா, ஒன்பதாவது படிக்கிற மகளின் போட்டோவை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற விடுகிறார்கள், ஸ்கூல் பஸ்ஸிலும் அதே பட்டப்பெயர், காலையானால் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறாள், போனைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

அந்த வலி நடிப்பும் இல்லை, இந்த வயதில் மனஅழுத்தம் வயிற்றுவலியாகவும் தூக்கமின்மையாகவும் வெளிவருவது சகஜம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் அன்றைக்கே 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

குரூப்பை விட்டு வெளியேறும் முன் அனுப்பியவர் நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவர்கள் அழித்துவிட்டால் அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. தலைமையாசிரியரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள் (வாயால் சொன்னால் 'பசங்க விளையாட்டு' என்று முடித்துவிடுவார்கள்). அசையவில்லையா, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, இல்லை குழந்தைகள் உதவி எண் 1098. படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் நேராக சைபர் கிரைம் போலீஸ்தான், அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

ஸ்டிக்கரை அனுப்பிய பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை மட்டும் பிடிக்காதீர்கள், மறுநாள் பஸ்ஸில் அதற்கும் சேர்த்து உங்கள் மகள்தான் வாங்குவாள்.