களையெடுத்த கீரையைக் கடையலாமா?

கேள்வி: எங்கள் கடலைக்காட்டில் களையெடுக்கும்போது பருப்புக்கீரையை மட்டும் தனியே சேர்த்துவைத்து, பாசிப்பருப்போடு கடைவது என் மாமியாரின் வழக்கம். அதில் மீனுக்கு நிகரான சத்து இருப்பதாகக் காணொளி ஒன்றில் கேட்டதிலிருந்து வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில் இதே கீரைதான். "பஞ்சத்துக் கீரை" என்று கணவர் முகம் சுளிக்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: காணொளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தாவர ஒமேகா-3 கொழுப்பான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், 100 கிராம் பச்சைப் பருப்புக்கீரையில் ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிகிராம் வரை உள்ளது. கீரைகளுக்குள் இது மிக உயர்ந்த அளவு. ஆனால் மீனில் கிடைக்கும் ஒமேகா-3 வேறு வகையைச் சேர்ந்தது என்பதோடு, கீரையிலுள்ளதில் மிகச் சிறு பங்கையே நம் உடல் அந்த வகையாக மாற்றிக்கொள்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் இந்தக் கீரையில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது என்பதைக் காணொளிக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை.

இரும்புச்சத்தையும் இப்படித்தான் மிகைப்படுத்துகிறார்கள். 100 கிராமில் இருப்பது சுமார் 2 மில்லிகிராம். இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 29 மில்லிகிராம். அந்தச் சிறிதளவும் உடலில் சேர வேண்டுமானால், கடைந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்வதும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமலிருப்பதும் உதவும். இக்கீரையைப் பாராட்ட நியாயமான காரணம், 68 மில்லிகிராம் அளவுக்கு அதிலுள்ள மக்னீசியமும், தாளிக்கும் எண்ணெயோடு சேரும்போது நன்கு உட்கிரகிக்கப்படும் பீட்டா கரோட்டினும்தான்.

உங்கள் கணவரின் முகச்சுளிப்புக்கும் நீண்ட வரலாறு உண்டு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு உண்ட குடும்பத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. அன்றும் குறை வறுமையில்தான் இருந்தது, கீரையில் இல்லை.

நான்கு நாளும் ஒரே கீரை வேண்டாம். இரண்டு நாளைப் பண்ணைக்கீரைக்கும் முருங்கைக்கும் விட்டுக்கொடுங்கள். வறட்சிக் காலத்தில் பருப்புக்கீரை இரவில் இலைத்துளைகளைத் திறந்து மாலிக் அமிலத்தைச் சேமித்துப் பகலில் செலவிடுவதால், விடியற்காலையில் பறித்தது புளிக்கும், மாலையில் பறித்தது அவ்வளவாகப் புளிக்காது. உங்கள் மாமியாருக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கக்கூடும். தண்டை ஒடித்துப் பார்த்துப் பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று. களைக்கொல்லி தெளித்த காட்டிலும் வண்டிகள் ஓயாத சாலையோரத்திலும் பறிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சிறுநீரகக் கல் வந்து குணமாகியிருக்கிறது. நான் பருப்புக்கீரை சாப்பிடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட் கல் என்றால் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் இந்தக் கீரையில் ஆக்சலேட் மிகுதி. மற்றவர்கள் தயிரோடு சேர்த்து உண்ணலாம். தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்துவிடும். நிறைய நீரில் வேகவைத்து வடித்தாலும் ஆக்சலேட் குறையும், ஆனால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் அந்த நீரோடு போய்விடும். சிறுநீரகச் செயல்பாடே குறைந்தவர்கள், 100 கிராமில் 494 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதைக் கருதி, மருத்துவரைக் கேட்காமல் இக்கீரையை உண்ணக் கூடாது.